ராலி முடிந்தபின் என்ன செய்வது? ஷட்டில் பழகும் பிள்ளைகளுக்கான மனப்பயிற்சி

ஹாலில் ஓரமாக நின்று, ஷட்டிலைப் பார்க்காமல் பிள்ளைகளை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். புள்ளி யாருக்குப் போனது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஒருவன் தலையைத் தொங்கப்போட்டுப் பேட்டால் தரையைத் தட்டுவான். ஒருத்தி உடனே அம்மா உட்கார்ந்திருக்கும் பெஞ்சுப் பக்கம் திரும்புவாள். திரும்பிய கண் கோர்ட்டுக்கு வருவதற்குள் எதிரில் இருப்பவர் சர்வீஸ் போட்டுவிடுவார், அடுத்த புள்ளியும் போய்விடும். அடி நன்றாக இருக்கிற, கால் நன்றாக ஓடுகிற பிள்ளைகள்கூட இப்படி நாலைந்து புள்ளிகளை வரிசையாக விடுவதை மாலைதோறும் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படுகிறது. அது அவர்கள் தப்பு இல்லை, நாம் சொல்லிக்கொடுக்காத பாடம்.

பழக ஆரம்பித்தவர்களின் ராலி, அதாவது சர்வீஸிலிருந்து புள்ளி விழும்வரை மாறிமாறி அடிப்பது, பெரும்பாலும் நாலைந்து அடியில் முடிந்துவிடும். அப்புறம் ஷட்டிலை எடுத்து, சர்வீஸ் கட்டத்துக்கு நடந்து வந்து, நின்று, மறுபடி ஆரம்பிக்க அதைவிட அதிக நேரம் பிடிக்கிறது. கோர்ட்டில் கழியும் நேரத்தில் பெரும்பகுதி ஷட்டில் பறக்காத நேரம்தான். ஸ்மாஷ் (மேலிருந்து வேகமாக இறக்குவது), டிராப் (நெட்டை ஒட்டி மெதுவாக விழவைப்பது), டாஸ் (பின்கோடு வரை உயரமாக அடிப்பது) எல்லாம் சொல்லிக்கொடுக்கிற நாம், அந்த நேரத்தில் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுப்பதில்லை. "ஃபோகஸ் பண்ணு", "தைரியமா ஆடு" என்று வெளியிலிருந்து கத்துகிறோம். அதைக் கேட்ட பத்து வயதுப் பிள்ளை தன் கையையோ காலையோ என்ன செய்யும்? செய்து பார்க்க முடிகிற வேலையாகச் சொன்னால்தான் பிள்ளைகளுக்குப் பிடிபடும்.

கீழே இருப்பவை 8 முதல் 14 வயது வரையிலான, ஷட்டில் பழகத் தொடங்கி ஓரிரு வருடம் ஆன பிள்ளைகளுக்கானவை. அவர்களோடு வரும் பெற்றோருக்கும், புதிதாகப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். தேவைப்படுபவை ஒரு 40 பக்க நோட்டு, ஒரு பென்சில், நாளுக்குப் பத்து நிமிடம். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள். ஒன்று படிந்தபிறகு அடுத்தது. முதல் போட்டிக்குப் பெயர் கொடுப்பதாக இருந்தால் குறைந்தது இரண்டு மாதம் முன்பே தொடங்கிவிட வேண்டும். போட்டி அன்று காலையில் சொல்லிக்கொடுக்கும் எதுவும் பிள்ளைக்குப் பயன்படாது.

மூச்சு: முதல் இரண்டு வாரம்

வீட்டில் பாயை விரித்துப் பிள்ளையை மல்லாக்கப் படுக்கச் சொல்லுங்கள். வயிற்றின் மேல், தொப்புளுக்குப் பக்கத்தில், ஒரு பழைய ஷட்டிலை இறகுப் பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். மூக்கால் மூச்சை இழுக்கும்போது ஷட்டில் மேலே எழ வேண்டும், விடும்போது இறங்க வேண்டும். இழுக்க நான்கு எண்ணிக்கை, விட ஆறு எண்ணிக்கை. பத்து முறை போதும். ஷட்டில் அசையாமல் தோள் மட்டும் ஏறி இறங்கினால் மூச்சு நெஞ்சோடு நிற்கிறது என்று அர்த்தம். பிள்ளைக்கே அது கண்ணுக்குத் தெரிவதால் நாம் திருத்த வேண்டிய அவசியம் வருவதில்லை.

மூச்சை விடும்போது இதயத்துடிப்பு சற்றுக் குறைகிறது, இழுக்கும்போது சற்றுக் கூடுகிறது. அதனால்தான் விடும் நேரத்தை நீட்டுகிறோம். மூச்சை அடக்கிப் பிடிக்கச் சொல்லாதீர்கள். தலை சுற்றினால் நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடட்டும்.

நாலைந்து நாளில் உட்கார்ந்து செய்யலாம், அப்புறம் நின்று. இரண்டாவது வாரம் ஸ்கிப்பிங் கயிற்றில் ஐம்பது தாண்டு தாண்டிவிட்டு, மூச்சு வாங்கும்போதே மூன்று நீண்ட மூச்சு விடச் சொல்லுங்கள். ஆட்டத்தின் நடுவே பிள்ளைக்குத் தேவைப்படுவது இந்த மூச்சுதான். பாயில் படுத்துச் செய்தது அதற்கான தயாரிப்பு மட்டுமே.

இதோடு கையையும் சேர்க்க வேண்டும். பதற்றம் முதலில் தெரிவது பேட்டைப் பிடித்திருக்கும் விரல்களில். பிடி இறுகினால் மணிக்கட்டு திரும்பாது, டிராப் நீளமாகப் போகும், சர்வீஸ் நெட்டில் விழும். மூச்சை இழுக்கும்போது கைப்பிடியை ஈரத்துணி பிழிவதுபோல் இறுக்கிப் பிடித்து, விடும்போது விரல்களைத் தளர்த்தச் சொல்லுங்கள். இறுக்கம் எப்படி இருக்கும், தளர்ச்சி எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரிந்துவிட்டால், ஆட்டத்தில் பிடி இறுகும்போது பிள்ளை தானே கவனித்துத் தளர்த்திக்கொள்ளும்.

இடைவெளியின் நான்கு அசைவுகள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ராலி முடிந்த நொடியிலிருந்து அடுத்த சர்வீஸுக்குத் தயாராக நிற்கும்வரை பிள்ளை நான்கு காரியங்களை, ஒவ்வொரு முறையும் அதே வரிசையில் செய்ய வேண்டும்.

முதலில், நெட்டுக்கு முதுகு காட்டித் திரும்பி இரண்டு அடி நடக்க வேண்டும். முடிந்த ராலி முதுகுக்குப் பின்னால் போய்விட்டது என்று உடம்புக்குச் சொல்வதற்காக இது.

இரண்டாவது, கண் பேட்டின் நரம்புகளுக்குப் போக வேண்டும். விலகிய நரம்புகளை விரலால் நேராக்கலாம். விலகவில்லை என்றாலும் தொட்டுப் பார்க்கலாம். இதில் முக்கியம் நரம்பு இல்லை, கண்தான். அம்மா முகம், பக்கத்துக் கோர்ட், ஸ்கோர் போர்டு என்று அலைகிற கண்ணுக்கு ஒரு வீடு வேண்டும். உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்கள் பலர் ராலிக்கு ராலி நரம்பை நோண்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

மூன்றாவது, பழகிய அந்த நீண்ட மூச்சில் ஒன்று. விடும்போது விரல்கள் தளர வேண்டும்.

நான்காவது, ஒரே ஒரு சொல். அது என்ன சொல் என்பதைக் கீழே சொல்கிறேன். சொல்லிக்கொண்டே திரும்பி வந்து, காலை அகட்டி வைத்து, பேட்டை உயர்த்தி நிற்க வேண்டும்.

எல்லாம் சேர்ந்து எட்டு முதல் பத்து வினாடிக்குள் முடிய வேண்டும். ஆட்டம் தடையில்லாமல் போக வேண்டும் என்பது விதி. வேண்டுமென்றே தாமதித்தால் அம்பயர் எச்சரிப்பார். துண்டு எடுக்கவும் தண்ணீர் குடிக்கவும் அவரைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அதனால்தான் இந்த நான்கும் யார் அனுமதியும் தேவைப்படாத சின்ன அசைவுகள்.

பழக்கும் விதம் இது. முதலில் ஷட்டில் வேண்டாம். "ராலி" என்று நீங்கள் சொன்னதும் பிள்ளை ஷேடோவில் (ஷட்டில் இல்லாமல், அடிப்பதுபோல் பாவனை செய்து) நான்கு மூலைக்கு ஓடி வர வேண்டும். "முடிஞ்சது" என்றதும் நான்கு அசைவுகள். இதைப் பத்து தடவை. ஒரு வாரம் கழித்து 11 புள்ளி ஆட்டம் வையுங்கள். அதில் ஒரு நிபந்தனை: புள்ளி எடுத்தவர் நான்கு அசைவுகளையும் செய்யாமல் அடுத்த சர்வீஸுக்கு வந்தால் அந்தப் புள்ளி எழுதப்படாது. பிள்ளைகள் முதலில் முணுமுணுப்பார்கள். இரண்டாவது நாளே ஒருவரை ஒருவர் கண்காணிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

புள்ளி எடுத்தவருக்கு ஏன் இந்த நிபந்தனை என்று கேட்கலாம். புள்ளி போகும்போது மட்டும் இதைச் செய்து பழகிய பிள்ளை, நரம்பைத் தொட்டாலே "நான் கலங்கிவிட்டேன்" என்று எதிராளிக்குத் தந்தி அடித்த மாதிரி ஆகிவிடும். தவிர, நல்ல ஸ்மாஷ் ஒன்று விழுந்ததும் குதித்துக்கொண்டே அவசரமாகச் சர்வீஸ் போட்டு நெட்டில் அடிக்கிற பிள்ளைகள் நிறைய. சந்தோஷமும் பதற்றம் மாதிரிதான் கையை இறுக்குகிறது.

வீட்டில் செய்ய ஒரு பயிற்சி உண்டு, பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். பெரிய போட்டி ஒன்றின் வீடியோவைப் போடுங்கள். ராலி ஓடும்போது பிள்ளை கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், ராலி முடிந்ததும் திறக்க வேண்டும். நடுவில் நடப்பதை மட்டும் பார்த்து, அந்த ஆட்டக்காரர் எங்கே திரும்புகிறார், கண் எங்கே போகிறது, புள்ளி போனபோதும் வந்தபோதும் நடையில் வித்தியாசம் தெரிகிறதா என்று நோட்டில் எழுதட்டும். சிந்து ஆடும் ஆட்டமோ லக்ஷ்யா சென் ஆடும் ஆட்டமோ, பிள்ளைக்குப் பிடித்த யாராக இருந்தாலும் சரி.

அந்த ஒரு சொல்

"நெட்ல அடிக்காத" என்று சொன்னதும் பிள்ளையின் மனசில் வருவது நெட்தான். அடுத்த ஷட்டிலும் அங்கேயே போகும். செய்யக்கூடாததைச் சொல்வதற்குப் பதில் செய்ய வேண்டியதைச் சொல்லப் பழக்க வேண்டும், அதுவும் ஒரே சொல்லில். சர்வீஸ் நீளமாகப் போகிற பிள்ளைக்கு "மெதுவா". டாஸ் பாதியில் விழுந்து அடி வாங்குகிற பிள்ளைக்கு "மேலே". நின்ற இடத்திலிருந்து கையை மட்டும் நீட்டுகிற பிள்ளைக்கு "கால்".

சொல்லைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். என்னிடம் பழகும் சிறுமி ஒருத்தி "பூனை" என்று வைத்துக்கொண்டாள். நெட் பக்கம் சத்தமில்லாமல் கால் வைக்க வேண்டும் என்பது அவளுக்கு அதில்தான் விளங்கியது. நான் வைத்திருந்தால் "லைட் ஸ்டெப்" என்று ஏதாவது வைத்திருப்பேன், அது அவளுக்கு ஒட்டியிருக்காது. ஒரு ஆட்டத்துக்கு ஒரு சொல் மட்டுமே. இரண்டு மூன்று வைத்தால் எதைச் சொல்வது என்பதே யோசனையாகிவிடும்.

தன்னையே திட்டிக்கொள்கிற பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வேலை. "நான் வேஸ்ட்", "எனக்கு வரவே வராது" என்று முணுமுணுப்பதைக் கேட்டிருப்பீர்கள். நோட்டில் பக்கத்தின் நடுவே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். இடது பக்கம், தப்பு நடந்ததும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதை அப்படியே எழுத வேண்டும். வலது பக்கம், அதே தப்பைத் தன் நண்பன் செய்திருந்தால் அவனிடம் என்ன சொல்லியிருப்போமோ அதை எழுத வேண்டும். பிள்ளைகள் நண்பர்களிடம் எவ்வளவு அன்பாகப் பேசுவார்கள் என்று அந்த வலது பக்கத்தைப் படித்தால் தெரியும். "பரவால்ல டா, கொஞ்சம் சீக்கிரம் போயிருந்தா எடுத்திருப்ப" என்று ஒருவன் எழுதியிருந்தான். அதுதான் அவனுக்கான அறிவுரையும். அடுத்த வாரம் முதல் அவன் சொல் "சீக்கிரம்" ஆனது.

கண்ணுக்கு ஒரு வேலை

ராலி ஓடும்போது பிள்ளை ஸ்கோரை நினைக்காமல் இருக்க வேண்டும் என்றால், நினைக்க நேரமில்லாதபடி கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டும். எதிராளியின் பேட்டில் ஷட்டில் படும் அந்தக் கணத்தில் "இப்போ" என்று வாய்விட்டுச் சொல்வது ஒரு பயிற்சி. சொல்லும்போதே இரண்டு காலையும் லேசாகத் தூக்கி ஒரு சின்னத் துள்ளல். எதிராளி அடிக்கும் கணத்தில் அந்தத் துள்ளல் இருந்தால்தான் எந்தப் பக்கமும் சட்டென்று கிளம்ப முடியும். ஆக இது மனப்பயிற்சி, ஃபுட்வொர்க் இரண்டுக்கும் சேர்த்து ஆகிறது. முதலில் பாதி பிள்ளைகள் ஷட்டில் நெட்டைத் தாண்டிய பிறகுதான் "இப்போ" என்பார்கள். தாங்கள் எவ்வளவு தாமதமாகப் பார்க்கிறோம் என்பது அவர்களுக்கு அப்போதுதான் புரியும்.

பழைய ஷட்டில்களின் அடிக்கட்டையில் சிவப்பு, நீலம் என்று மார்க்கரால் பட்டையாகப் பூசி, மெதுவாகத் தூக்கிப் போட்டு, அடிப்பதற்கு முன் நிறத்தைச் சொல்லச் சொல்வது இன்னொன்று. இரண்டையும் ஒவ்வொரு நாளும் வார்ம்அப் முடிந்ததும் ஐந்து நிமிடம் செய்தால் போதும்.

எண்ணக்கூடிய இலக்கு

"இந்தத் தடவை ஜெயிக்கணும்" என்பது இலக்காக இருந்தால் அதில் பாதி எதிராளியின் கையில் இருக்கிறது. பிள்ளை தன் கையால் எண்ணக்கூடியதை இலக்காக வைக்க வேண்டும். நெட்டிலிருந்து 1.98 மீட்டரில் ஷார்ட் சர்வீஸ் கோடு இருக்கிறது. அதற்கு அப்பால் ஒரு சாண் தள்ளி, காலி ஷட்டில் டப்பாவைக் கோட்டுக்கு இணையாகப் படுக்கவைத்து, கோட்டுக்கும் டப்பாவுக்கும் நடுவே 20 சர்வீஸில் எத்தனை விழுகிறது என்று எண்ணி எழுதட்டும். முதல் நாள் ஐந்து, இரண்டு வாரம் கழித்து ஒன்பது என்று வந்தால் அது யாரும் பறிக்க முடியாத முன்னேற்றம். போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டு வந்து அழுகிற பிள்ளையிடம் இந்தப் பக்கத்தைத் திறந்து காட்டியிருக்கிறேன். அழுகை உடனே நிற்காது. ஆனால் மறுநாள் ஹாலுக்கு வந்துவிடும்.

கண்ணை மூடி ஆடுவது

மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம், சின்னப் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் மனசு ஓடிவிடும். பேட்டைக் கையில் பிடித்து, நின்றபடியே கண்ணை மூட வேண்டும். தன்னை வெளியிலிருந்து டிவியில் பார்ப்பதுபோல் இல்லாமல், தன் கண் வழியாகப் பார்க்க வேண்டும். எதிரே நெட், அதன் வெள்ளைப் பட்டை, மேலே விளக்கு, தரையில் ஷூ கிரீச்சிடும் சத்தம், ஷட்டில் நரம்பில் படும்போது வரும் "டப்". பிறகு ஒரு சர்வீஸ், எதிராளியின் லிஃப்ட் (கீழிருந்து உயரமாகத் தூக்கும் அடி), பின்னால் போய் ஒரு டாஸ். நிஜத்தில் எவ்வளவு நேரம் ஆகுமோ அதே வேகத்தில்.

ஒன்றைக் கவனியுங்கள். வெற்றியை மட்டும் கற்பனை செய்யச் சொன்னால் பிள்ளைகள் கோப்பை வாங்கும் காட்சிக்குத் தாவிவிடுவார்கள். நான் தப்பு நடந்ததையும் சேர்த்துக் கற்பனை செய்யச் சொல்வேன்: சர்வீஸ் நெட்டில் விழுகிறது, அப்புறம் திரும்பு, நரம்பு, மூச்சு, சொல், அடுத்த சர்வீஸ் சரியாக விழுகிறது. தப்பிலிருந்து எழுந்து வருவதை ஆயிரம் தடவை மனசில் பார்த்த பிள்ளைக்குத் தப்பு புதிதாக இருக்காது. ராத்திரி தூங்கப்போகும் முன் செய்யலாம், ஹாலில் கோர்ட்டுக்காகக் காத்திருக்கும்போதும் செய்யலாம்.

இக்கட்டான ஸ்கோரில் பழகுவது

பயிற்சியில் எப்போதும் 0-0வில்தான் ஆரம்பிக்கிறோம். ஆட்டம் கைநழுவுவது அங்கே அல்லவே. 21 புள்ளி ஆட்டத்தில் 11-18 என்று பின்தங்கிய நிலையிலிருந்து ஆரம்பியுங்கள். இன்னொரு நாள் 19-19. இன்னொரு நாள் 20-17 என்று முன்னிலையில். இந்த மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு முன்னிலையில் இருக்கும்போது வரும் பயம், பின்தங்கும்போது வருவதைவிடப் பெரியது. ஜெயித்தேவிட்டோம் என்ற நினைப்பு வந்ததும் அடிப்பதை விட்டுவிட்டுத் தள்ள ஆரம்பிப்பார்கள்.

லக்ஷ்யா சென்னின் இரண்டு ஆட்டங்களை நான் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்வேன். 2022 மே மாதம் பாங்காக்கில், ஆண்கள் அணிகளுக்கான தாமஸ் கோப்பையின் இறுதிப் போட்டி, எதிரே இந்தோனேசியா. அதன் முதல் ஒற்றையர் ஆட்டத்தில் அவர் ஆந்தனி ஜின்டிங்கிடம், மூன்று கேமில் இரண்டை எடுத்தால் வெற்றி என்ற நிலையில், முதல் கேமை 8-21 என்று இழந்தார். அடுத்த இரண்டையும் 21-17, 21-16 என்று எடுத்தார். அன்று இந்தியா 3-0 என்று ஜெயித்து முதல் முறையாகக் கோப்பையை வாங்கியது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் அதே லக்ஷ்யா, டென்மார்க்கின் விக்டர் ஆக்செல்சனுக்கு எதிராக முதல் கேமில் 20-17 என்று முன்னிலையில் இருந்தார், அதை 20-22 என்று இழந்தார். இரண்டாவது கேமில் 7-0 என்று போனவர் 14-21 என்று தோற்றார். ஆக்செல்சன் அந்த ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். இரண்டையும் கேட்டபிறகு ஒரு பையன், "அப்ப 8-21ன்னா முடிஞ்சதுன்னு அர்த்தம் இல்ல, 20-17ன்னாலும் முடிஞ்சதுன்னு அர்த்தம் இல்ல, இல்ல சார்?" என்றான். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இத்தகைய ஆட்டங்களின்போது மற்றப் பிள்ளைகளை ஓரத்தில் நிற்கவைத்துச் சத்தம் போடச் சொல்லலாம். எப்போதாவது உள்ளே விழுந்த ஷட்டிலை வெளியே என்று வேண்டுமென்றே அறிவித்துப் பாருங்கள். அநியாயமான முடிவுக்குப் பிறகும் நான்கு அசைவுகள் வருகிறதா என்று பார்ப்பதற்காகத்தான். ஆட்டம் முடிந்ததும், அது பயிற்சிக்காகச் செய்தது என்று சொல்லிவிட வேண்டும். தோற்றவருக்குத் தோப்புக்கரணம், ஹாலைச் சுற்றி ஓட்டம் என்றெல்லாம் தண்டனை வேண்டாம். தோல்விக்குத் தண்டனை என்று மனசில் பதிந்துவிட்டால் பிள்ளை ரிஸ்க் எடுத்து அடிக்கவே பயப்படும்.

கூடப் பழகுகிறவரையே எதிர்த்து ஆடும்போது

மாவட்டப் போட்டிகளில் இது அடிக்கடி நடக்கும். தினமும் ஒரே ஹாலில் பழகுகிற, ஒரே வண்டியில் வருகிற தோழியே எதிரே நிற்பாள். சில பிள்ளைகளுக்குக் கை வராது, சிலர் தேவைக்கு மேல் கோபமாக ஆடுவார்கள். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் இதே நிலை வந்தது. நம் ஊர்க்காரர்களான துளசிமதி முருகேசனும் மனிஷா ராமதாஸும் கையில் குறைபாடு உள்ளவர்களுக்கான எஸ்யு5 பிரிவு அரையிறுதியில் மோதினார்கள். துளசிமதி ஜெயித்து இறுதிக்குப் போய் வெள்ளி வாங்கினார். தோற்ற மனிஷா அதோடு உட்கார்ந்துவிடவில்லை, அடுத்த ஆட்டத்தில் ஜெயித்து வெண்கலம் வாங்கினார். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டு, ஆட்டத்துக்கு முன் இருவரும் கைகொடுத்துக்கொள்ளட்டும், அங்கிருந்து ஆட்டம் முடியும்வரை எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் பேட்டை மட்டும் பார்க்கட்டும் என்று சொல்லுங்கள். "இப்போ" பயிற்சி பழகிய பிள்ளைக்கு இது கஷ்டமாக இருக்காது.

போட்டி நாள்

முந்தின ராத்திரி தூக்கம் முக்கியம். 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம், அதற்கு மேல் 8 முதல் 10 மணி நேரம் பிள்ளைகளுக்குத் தேவை. ஒரு ராத்திரி மட்டும் தூங்கினால் போதாது, அந்த வாரம் முழுக்கவே.

ஹாலுக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். விளக்கு எங்கே கண்ணைக் கூசுகிறது, எந்தக் கதவு திறந்திருக்கிறது, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பிள்ளையே சுற்றிப் பார்த்துச் சொல்லட்டும். ஷட்டிலின் எடை 4.74 முதல் 5.50 கிராம் வரைதான், சின்னக் காற்றுக்கே விலகும். "ஹால் சரியில்ல" என்று ஆட்டத்தின் நடுவே குழம்புவதைவிட, முன்பே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

அப்புறம் காத்திருப்பு. எட்டு மணிக்கு என்று சொன்ன ஆட்டம் பதினொரு மணிக்கு வரலாம். இந்த மூன்று மணி நேரத்தில்தான் பல பிள்ளைகள் தோற்றுப்போகிறார்கள். டிராவில் (யாரோடு யார் மோதுவது என்ற பட்டியலில்) யார் பெயர் என்று பார்ப்பது, எதிராளி வார்ம்அப்பில் ஸ்மாஷ் அடிப்பதைப் பார்த்து மிரள்வது, அவன் பேட் எவ்வளவு விலை என்று விசாரிப்பது. பிள்ளையை ஹாலுக்கு வெளியே மரத்தடிக்குக் கூட்டிப்போய்விடுங்கள். இட்லி, வாழைப்பழம், தண்ணீர். ஆட்டத்துக்கு இருபது நிமிடம் முன் ஸ்கிப்பிங், ஷேடோ, அப்புறம் கண்ணை மூடி இரண்டு நிமிடம்.

"வயிறு கலக்குது சார்" என்று பிள்ளை வந்து சொல்லும். "பயப்படாதே" என்று சொல்லாதீர்கள், பயம் அப்படிப் போகாது. இதயம் வேகமாக அடிப்பது காலுக்கும் கைக்கும் ரத்தத்தை அனுப்பத்தான், வயிற்றைப் பிசைவதும் அதோடு சேர்ந்து வருவதுதான், ஓடத் தயாராகும்போது உடம்பு இப்படித்தான் செய்யும் என்று விளக்குங்கள். "உடம்பு ரெடியாகுது" என்று பிள்ளை தன் வாயால் சொல்லட்டும். அதே படபடப்புதான், ஆனால் பெயர் மாறியதும் பிள்ளை அதோடு சண்டை போடுவதை நிறுத்திவிடும்.

ஒருவர் 11 புள்ளி எடுத்ததும் 60 வினாடி இடைவேளை, இரண்டு கேமுக்கு நடுவே 120 வினாடி. பயிற்சியாளர் பக்கத்தில் போய்ப் பேசலாம். நான் ஆரம்பத்தில் அந்த 60 வினாடியில் ஆறு விஷயம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளை தலையை ஆட்டிவிட்டுப் போய் ஒன்றையும் செய்யாது. இப்போது முதல் 20 வினாடி பேசுவதே இல்லை, தண்ணீர் கொடுத்துவிட்டு மூச்சு இறங்கும்வரை நிற்கிறேன். பிறகு ஒரு கேள்வி: "என்ன நடக்குது?" பிள்ளை சொல்வதைக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு திருத்தம். அது அன்றைய சொல்லோடு ஒட்டியதாக இருந்தால் இன்னும் நல்லது.

எப்போது இதைத் தாண்டி உதவி தேவை

ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் வாந்தி, நாள்கணக்கில் தூக்கமின்மை, பிடித்துப்போய் வந்த பிள்ளை இப்போது ஹாலுக்கு வரவே மறுப்பது, தோற்ற பிறகு தன்னைத்தானே அடித்துக்கொள்வது, இவை தொடர்ந்தால் மூச்சுப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். குழந்தைகள் மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பார்க்க வேண்டும். சில மாதம் போட்டியே வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் கேளுங்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது

பெற்றோருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஆட்டம் முடிந்து வண்டியில் ஏறியதும் "ஏன் அந்த ஷட்டில விட்ட?" என்று ஆரம்பிக்காதீர்கள். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, முகம் தெரியாமல் அழுதுகொண்டே வீடு போய்ச் சேர்ந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் பேட்டை மறுபடி தொடவே இல்லை. முதல் கேள்வி "பசிக்குதா?" என்று இருக்கட்டும்.

நோட்டில் மூன்று வரி எழுதுவது மறுநாள் காலையில்: நன்றாக வந்தது ஒன்று, அடுத்த வாரம் பழக வேண்டியது ஒன்று, இடைவெளியில் நான்கு அசைவுகள் எத்தனை தடவை விட்டுப்போயின என்று ஒரு தோராயமான எண். அதுவரை ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதா வேண்டாமா என்பது பிள்ளையின் விருப்பம். தானாகப் பேச ஆரம்பித்தால் குறுக்கிடாமல் கேளுங்கள். பேசவில்லை என்றால் வழியில் ஒரு ஜூஸ் கடையில் வண்டியை நிறுத்தி, இரண்டு பேரும் ஆளுக்கொரு கிளாஸ் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.